200 கிலோமீட்டருக்கு ஒரு வரவு செலவுத் திட்டம்

விடுமுறை நாள் அதிகாலையில் தலைக்கவசமும் ஒளிரும் மேலங்கியும் அணிந்து நெடுஞ்சாலையில் வரிசையாகச் செல்லும் மிதிவண்டி ஓட்டிகளை நாட்டின் பல நகரங்களில் இன்று காண்கிறோம். அவர்களுள் பெரும்பாலோர் பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்கள் அல்லர். அலுவலகப் பணியாளர், ஆசிரியர், வணிகர், ஓய்வு பெற்றோர் எனப் பலதரப்பினர். இவர்கள் ஒரே நாளில் 200 கிலோமீட்டர் கடந்து மாலைக்குள் திரும்பிவிடுகின்றனர். இதற்கு உடல் வலிமை வேண்டும். அதற்கு இணையாகக் கணக்கும் வேண்டும். அந்தக் கணக்கைத்தான் இக்கட்டுரையில் காணவிருக்கிறோம்.

இத்தகைய நெடும்பயணங்களுக்கு 'பிரெவே' என்று பெயர். 1904-இல் தொடங்கப்பெற்ற 'ஆடாக்ஸ் கிளப் பாரீசியன்' என்னும் பிரெஞ்சுச் சங்கம் வகுத்த விதிகளின்படி இவை உலகெங்கும் நடைபெறுகின்றன. இந்தியாவில் 'ஆடாக்ஸ் இந்தியா ரேண்டனர்ஸ்' என்னும் அமைப்பு இவற்றை ஒருங்கிணைக்கிறது. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்திலும், 300 கிலோமீட்டரை 20 மணியிலும், 400 கிலோமீட்டரை 27 மணியிலும், 600 கிலோமீட்டரை 40 மணியிலும் முடிக்க வேண்டும். வழியில் சோதனை நிலையங்கள் உண்டு. அவை ஒவ்வொன்றுக்கும் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். காலை 5 மணிக்குப் புறப்பட்டால், 100-ஆவது கிலோமீட்டரில் உள்ள நிலையம் 11.40-க்கு மூடப்படும். இது பந்தயம் அன்று. முதலிடம், இரண்டாமிடம் என்ற வரிசையும் கிடையாது. உரிய நேரத்துக்குள் முடித்தோர் அனைவரும் ஒரே தகுதி பெறுகின்றனர்.

இனி நேரக் கணக்கைப் பார்ப்போம். கையில் இருப்பது பதின்மூன்றரை மணி நேரம். சராசரியாக மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் பயணத்துக்குச் செலவாவது 10 மணி நேரம். எஞ்சுவது மூன்றரை மணி நேரம். 20 நிமிடம் வீதம் நான்கு இடங்களில் ஓய்வெடுத்தால் 1 மணி 20 நிமிடம் கழியும். ஒரு பங்க்சருக்கு 20 நிமிடம் ஒதுக்குவோம். அதன் பின்னும் 1 மணி 50 நிமிடம் இருப்பில் நிற்கும். எதிர்காற்று, மலையேற்றம், வெயில் ஆகிய எதிர்பாராச் செலவுகளுக்கான கையிருப்பு இதுவே.

புதியவர்கள் பலர் இக்கையிருப்பைப் பெருக்க விரும்பித் தொடக்கத்திலேயே விரைகின்றனர். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் இரண்டு மணி நேரம் மிச்சமாகும் என்பது உண்மையே. ஆயினும் அதற்குரிய விலை பெரிது. காற்றின் தடையை வெல்ல நாம் செலுத்த வேண்டிய திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்கிறது. 20-லிருந்து 25-க்கு வேகம் உயரும்போது அது ஏறத்தாழ இரு மடங்காகிறது. காலையில் கடன் வாங்கிய வலிமையைப் பிற்பகலில் வட்டியுடன் திருப்பிச் செலுத்த நேரிடும்.

குழுவாகச் செல்வதன் பயனும் இங்கேதான் விளங்கும். முன்னே செல்பவர் காற்றைப் பிளந்துகொண்டு போகிறார். அவரை நெருங்கித் தொடர்பவருக்குக் கால் பங்கும் அதற்கு மேலும் உழைப்பு குறைகிறது. ஆகவே, சில நிமிடங்களுக்கு ஒருமுறை முன்னவர் விலகிப் பின்னே செல்ல, அடுத்தவர் அவ்விடத்தை ஏற்பது மரபு. முன்னே செல்பவர் பள்ளத்தையும் கற்களையும் கையசைத்துக் காட்டுவதும் கட்டாயம். பின்னால் வருபவருக்குச் சாலை தெரியாது.

அடுத்தது உணவு. நம் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்பட்டிருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 2,000 கலோரி ஆற்றலுக்கே போதுமானது. நாள் முழுதும் நீளும் உழைப்புக்கு அது போதாது. எனவே மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உட்கொள்ள வேண்டும். நடுத்தர அளவுள்ள வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் உள்ளது. பசி தோன்றிய பின் உண்பது காலங்கடந்த செயல். வெயிலில் வெறும் நீரை மட்டும் மிகுதியாகப் பருகுவதும் தீங்கானது. உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை இடையிடையே அருந்த வேண்டும்.

இக்கணக்குகள் யாவும் சரியாக அமைந்தாலும் ஒரு வினா எஞ்சி நிற்கும்: குழுவில் ஒருவர் பின்தங்கினால் என் செய்வது? நேர வரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கணக்கிடப்படுகிறது. காத்திருந்தால் அனைவரும் வரம்பைத் தவறவிடலாம்; விட்டுச் சென்றால் தோழமை பொருளற்றுப் போகும். இதற்கு விடையைச் சாலையில் தேடுதல் கூடாது. புறப்படும் முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும்.

புணேயில் பணிபுரியும் நாங்கள் எண்மர் சாத்தாரா வரை சென்று திரும்பும் 200 கிலோமீட்டர் பயணத்துக்கு முன், இவ்வாறு ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். கையிருப்பு நேரம் 30 நிமிடத்துக்கு மேல் இருக்கும்வரை எண்மரும் சேர்ந்தே செல்வது. அதற்குக் கீழே இறங்கினால் ஒருவர் மட்டும் பின்தங்கியவருடன் நிற்க, ஏனையோர் பயணத்தைத் தொடர்வது. கம்பாட்கி மலைப்பாதையின் ஏற்றம் காலையிலேயே அனைவரையும் சோதித்தது. திரும்பும் வழியில் 140-ஆவது கிலோமீட்டரில், ஐம்பத்திரண்டு வயதான எங்கள் நண்பர் ஒருவருக்குக் காலில் தசைப்பிடிப்பு ஏற்பட்டது. அப்போது பிற்பகல் 1.30 மணி, அவ்விடத்துக்குரிய வரம்பு 2.20. பதினைந்து நிமிட ஓய்வுக்குப் பின் கையிருப்பு 35 நிமிடம் என்று எண்ணிப் பார்த்தோம். "நீங்கள் போங்கள்" என்று அவர் கூறினார். உடன்பாட்டில் அதற்கு இன்னும் இடமில்லை என்று விடையளித்தோம். அவரை வரிசையில் இரண்டாமிடத்தில் அமர்த்தி, வேகத்தைக் குறைத்து, எழுவரும் முறைவைத்து முன்னே சென்றோம். மாலை 5.52-க்கு எண்மரும் ஒன்றாக முடித்தபோது 38 நிமிடம் மீதமிருந்தது. நிபந்தனை முன்னரே வரையப்பட்டிருந்தமையால், அன்று எவரும் எவருக்கும் கடன்பட்டதாக உணரவில்லை.

தொடங்க விரும்புவோர் சிலவற்றை நினைவில் கொள்ளல் நலம். விலையுயர்ந்த வண்டி தேவையில்லை. இருக்கையின் உயரம் நம் காலுக்கு ஏற்றதாய் அமைந்தால் போதும். மூன்று மாதப் பயிற்சியில் வாரந்தோறும் தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, 120 கிலோமீட்டரை ஒருமுறையேனும் கடந்த பின்னரே பெரும்பயணத்துக்குப் பெயர் கொடுக்க வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர்கள் மருத்துவரிடம் இதயப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். மாற்று டியூப், காற்றடிக்கும் பம்பு, முன்விளக்கு, பின்விளக்கு ஆகியவை உடன் இருக்கட்டும். தனிநபர் விபத்துக் காப்பீடு வைத்திருப்போர், இத்தகைய பயணங்கள் அதன் வரம்புக்குள் அடங்குமா என்று ஒப்பந்தத்தின் விலக்குப் பகுதியைப் படித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ தோன்றினால், வழியில் நிறுத்தி ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவிப்பதில் எவ்விதத் தாழ்வும் இல்லை. அடுத்த மாதம் மற்றொரு பயணம் வரும்.

வரும் ஞாயிறன்று 20 கிலோமீட்டர் தொலைவை மூச்சு வாங்காமல், அருகில் வருபவருடன் உரையாடக்கூடிய வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வரவு செலவுத் திட்டத்தின் முதல் பதிவு அந்த எண்ணே.