மூட்டைக்கு ஒரு ரூபாய் மகமை

கல்விக்கு நிதி திரட்டும் வழியை விருதுநகர் வியாபாரிகள் அன்றே காட்டிவிட்டார்கள். வாங்கி விற்கும் சரக்கின் பேரில் சிறு தொகையை மகமையாக ஒதுக்கினார்கள். வீடுதோறும் பிடி அரிசியும் சேர்த்தார்கள். 1889-இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்ததுதான். பெருந்தலைவர் காமராஜர் படித்த பள்ளி அது. 1947-இல் அவ்வூரில் செந்திக்குமார நாடார் கல்லூரியும் எழுந்தது.

தீபத் திருநாளில் அன்னதானம் செய்ய திருவண்ணாமலை வியாபாரிகள் சளைத்தவர்கள் அல்லர். ஆனால் ஜூன் மாதம் பிறந்தால், நம் மண்டியில் மூட்டை தூக்குபவர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கைமாற்று தேடி அலைகிறார். மூட்டைக்கு ஒரு ரூபாய் ஒதுக்கினால் அந்த அலைச்சல் தீரும்.

வரவு செலவை ஆண்டுதோறும் சங்கக் கூட்டத்தில் படிக்க வேண்டும். கணக்கு நேராக இருந்தால் கேட்காமலே பணம் வரும். வியாபாரிக்கு இது தெரியாததா?