கைபேசியும் கல்லூரி மாணவரும்

கல்லூரியில் சேர்வது ஒரு நாள் நிகழ்ச்சி. நிலைத்துப் படிப்பதோ பல்லாண்டு முயற்சி. இவ்விரண்டிற்கும் கைபேசி இன்று துணைக்கருவியாகியுள்ளது. அதன் பயனையும் எல்லையையும் ஆசிரியர்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

2020-21ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டிலேயே மிகுதியான கல்லூரிகளைக் கொண்டது பெங்களூரு நகர மாவட்டமாகும். அவற்றின் எண்ணிக்கை 1,058. இத்தகைய நகரில் சமூக ஊடகச் செய்தி ஒன்று மாணவரை எளிதில் ஈர்த்துவிடும். ஆனால், ஈர்ப்பது வேறு; நிலைநிறுத்துவது வேறு. ஹார்வர்டு பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் இணையவழி நடத்திய பாடங்களை ஆராய்ந்தபொழுது, 2017-18இல் சேர்ந்தோருள் நூற்றுக்குச் சுமார் மூவரே அவற்றை முடித்தனர் எனத் தெரியவந்தது. வாயில் அகலத் திறந்திருந்தும் வகுப்பு வெறிச்சோடியது.

பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகமும் ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் 2003இல் தொடங்கிய திட்டம் என்பிடெல் ஆகும். இதன் விரிவுரைகளை யூடியூப் வாயிலாக எவரும் கைபேசியிலேயே கேட்கலாம். 2014 முதல் சான்றிதழ்ப் பாடங்களும் நடைபெறுகின்றன. இவற்றில் வாரந்தோறும் பயிற்சி வினாக்கள் உண்டு. இறுதித் தேர்வை மாணவர் நேரில் சென்றே எழுத வேண்டும். திட்டத்தில் இணைந்த கல்லூரிகளில் ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்கிறார். வழிகாட்டி ஆசிரியர்களும் உள்ளனர். கருவியோடு மனிதத் துணையையும் சேர்த்திருப்பதே இவ்வமைப்பின் சிறப்பு.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் அனுபவமும் இதையே உணர்த்துகிறது. இடம் கிடைத்தும் கோடை விடுமுறைக்குள் மனம் மாறியோ, நடைமுறை புரியாமலோ விலகிவிடும் மாணவர்களுக்காக, 2016இல் அது குறுஞ்செய்தி முறையொன்றை அமைத்தது. படிவம், கட்டணம், உதவித்தொகை பற்றிய ஐயங்களுக்கு நள்ளிரவிலும் இயந்திரம் விடையளித்தது. அதற்கு இயலாத வினாக்கள் அலுவலர்களிடம் சென்றன. அவ்வாறு விலகுவோர் தொகை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

இதன் காரணம் எளிது. நேரில் கேட்கக் கூச்சப்படும் மாணவர் கைபேசியில் கேட்கத் தயங்குவதில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி செல்பவருக்கு, கட்டணத்தின் கடைசி நாளை நினைவூட்ட வீட்டில் ஆளில்லை. தவறவிட்ட ஒரு தேதியே படிப்பை முறித்துவிடக்கூடும்.

ஆகவே, ஆசிரியர்கள் கருத்திற் கொள்ள வேண்டியவை மூன்று. செய்தி சுருக்கமாகவும் உரிய காலத்திலும் அமைதல் வேண்டும்; நாள்தோறும் குவியும் செய்திகளை எவரும் படிப்பதில்லை. சாதாரணக் கைபேசி மட்டுமே உள்ளவரையும் எட்டும் குறுஞ்செய்தியைக் கைவிடலாகாது. மாணவரின் எண்ணை அவரது இசைவுடன், கல்விக்காக மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

மாணவர் வாரக்கணக்கில் வராததைக் கருவி காட்டும். ஏன் வரவில்லை என்று விசாரித்து அவரைத் திரும்ப அழைத்துவருவது ஆசிரியரின் பணியேயாகும்.