சென்ட் என்ன விலை?

சுந்தரபாண்டியத்திலோ கிருஷ்ணன்கோவிலிலோ வீட்டு மனை தேடுபவர் முதலில் கேட்பது, "சென்ட் என்ன விலை போகுது?" என்றுதான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஊரில் இருப்பவர் புரோக்கர் ஒருவரே. பத்திரத்தைப் புரட்டினால் உண்மை விலை கிடைக்காது. அரசின் வழிகாட்டி மதிப்பை ஒட்டி எழுதிய தொகைதான் இருக்கும். பக்கத்து மனையை வாங்கியவரோ கூட்டியும் சொல்வார், குறைத்தும் சொல்வார். ஆகவே 'மார்க்கெட் ரேட்' என்று நாம் நம்பும் தொகைக்கு எழுத்தில் எந்த ஆதாரமும் கிடையாது. திருமங்கலம்–ராஜபாளையம் நான்குவழிச் சாலை வேலை தொடங்கியதிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து மனை நோட்டீஸ்கள் எல்லாம் அந்தச் சாலையைத்தான் விற்கின்றன. நிலத்துக்காரரிடம் சென்ட் மூன்று லட்சம் என்று பேசி முடித்துவிட்டு, வாங்குபவரிடம் நான்கு லட்சம் சொல்லி, நடுவிலுள்ள ஒரு லட்சத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் கமிஷனும் வாங்குவதை 'மேலே வைத்து விற்பது' என்கிறார்கள். விற்பவரையும் வாங்குபவரையும் பத்திரப்பதிவு நாள் வரை சந்திக்கவே விடாமல் பார்த்துக்கொண்டால்தான் இது நடக்கும். ஆகவே "ஓனரிடம் நேரில் பேச வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். அதற்குத் தடை வந்தால், விலையில் ஏதோ ஒளிந்திருக்கிறது.

இந்த இருட்டை உண்டாக்கியதில் நமக்கும் பங்குண்டு என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 25 லட்சத்துக்கு வாங்கிய மனையை 10 லட்சம் என்று எழுதினால் 1,35,000 ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போடுகிறோம். "உண்மை விலையை எழுதி ஒன்பது சதவீதம் கட்ட நடுத்தரக் குடும்பத்தால் முடியுமா?" என்ற கேள்வி நியாயமானதுதான், அந்தச் சுமையைக் குறைக்கச் சொல்லி அரசிடம் கேட்கவும் வேண்டும். ஆனால் மிச்சமாகத் தெரியும் அந்தப் பணத்துக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. நாளைக்கு அந்த விற்பனை செல்லாது என்று ஆனால், திருப்பிக் கேட்க உங்களிடம் இருக்கும் ஆதாரம் 10 லட்சத்துக்கு மட்டும்தான். ரொக்கமாகப் போன 15 லட்சம் எந்த நீதிமன்றத்தின் கண்ணுக்கும் தெரியாது. வங்கிக் கடனும் காகிதத்தில் உள்ள தொகையைப் பார்த்துத்தான் வரும். பின்னாளில் நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 10 லட்சம் என்றே கணக்காகி, வராத லாபத்துக்கும் வரி கட்ட நேரும். நிலத்துக்கான முன்பணத்தில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்ற சலுகை 2025 ஏப்ரல் முதல் இருக்கிறது. சட்டப்படி மிச்சப்படுத்த இந்த வழி திறந்திருக்கிறது.

விலையைப் போல அல்லாமல், நிலம் யாருடையது என்பதைப் பெருமளவு நாமே தெரிந்துகொள்ள முடியும். ஆனாலும் அதையும் புரோக்கர் வாயால் கேட்டே பழகிவிட்டோம். "பத்திரம் பதிவாகும், பட்டா இருக்கு, அப்புறம் என்ன சார்?" என்பார். பத்திரம் பதிவாவது உரிமைக்குச் சான்று ஆகாது. தமிழ்நாட்டிலிருந்து போன கே.கோபி வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், எழுதிக் கொடுப்பவருக்கு அந்தச் சொத்தில் உரிமை இருக்கிறதா என்று தீர்மானிப்பது சார்பதிவாளரின் வேலை அல்ல என்று சொல்லிவிட்டது. அசல் பத்திரத்தைக் காட்டச் சொல்லும் விதிகள் வரலாம், போகலாம். உரிமையைத் தீர்ப்பது உரிமையியல் நீதிமன்றம்தான். பட்டாவும் வருவாய்த்துறைப் பதிவேயன்றி உரிமையின் முடிவான சான்று அல்ல. ஆகவே வில்லங்கச் சான்றை நாமே எடுத்துப் பார்க்க வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் அதை இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் எந்த எண்ணைப் போட்டுத் தேடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். பட்டாவில் 214/2B என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த எண்ணில் தேடினால் வில்லங்கம் ஏதுமில்லை என்று வரும். உட்பிரிவு ஆவதற்கு முன் அதே நிலம் 214/2 ஆக இருந்த காலத்தில் எழுதிய அடமானமோ பாகப்பிரிவினையோ பழைய எண்ணில் அப்படியே கிடக்கும். இரண்டு எண்ணிலும், குறைந்தது முப்பது வருடத்துக்காவது பார்த்தால்தான் பார்த்ததாக அர்த்தம். கூடவே மூலப்பத்திரத்தின் அசலைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். "லாக்கர்ல இருக்கு" என்று சொல்லி நகலை மட்டும் நீட்டினால், அசல் கடன்காரர் வீட்டில் இருக்க வாய்ப்புண்டு.

நம் பக்கத்தில் அடிக்கடி தலைவலியாவது இன்னொன்று: அக்கா தங்கைகளின் கையெழுத்து. அப்பா பெயரில் இருந்த நிலத்தை அண்ணன் தம்பி இருவர் மட்டும் சேர்ந்து விற்பார்கள்; "பொண்ணுகளுக்குச் சீர் செஞ்சு அனுப்பியாச்சு" என்று புரோக்கர் சமாதானம் சொல்வார். சீர் செய்ததால் சொத்துரிமை தீர்ந்துவிடாது. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989லேயே, அன்று மணமாகாதிருந்த பெண்களுக்குச் சட்டமாக்கியது. 2005இல் அது நாடு முழுமைக்கும் எல்லா மகள்களுக்குமாக விரிந்தது. 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அப்பாவின் சுயசம்பாத்தியம் என்றாலும், உயில் எழுதாமல் அவர் இறந்திருந்தால் மகளும் வாரிசுதான். வாரிசுச் சான்றிதழில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்திடாத பத்திரம் பாகவழக்கை அழைத்துக்கொண்டு வரும்.

அங்கீகார விஷயத்திலும் பொய் சரளமாகவே ஓடுகிறது. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று ஒரு முத்திரையைக் காட்டி மனை விற்ற காலம் நெடியது. மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குத் தனியாக இல்லை. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் வேண்டும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது. அதன் பிறகு வந்த 2017ஆம் ஆண்டு வரன்முறை விதிகள், 20.10.2016க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு மட்டும் வழி திறந்தன. இப்போது அதைச் சுற்றிப் போக வேறொரு உபாயம் வந்திருக்கிறது: தென்னந்தோப்பையோ புஞ்சையையோ ஐந்து சென்ட், பத்து சென்ட்டாக உடைத்து, 'விவசாய நிலம்' என்றே பத்திரம் போடுவது. பதிவும் ஆகிவிடும். வீடு கட்ட வரைபட அனுமதி கேட்கும்போதும் வீட்டுக்கடன் கேட்கும்போதும்தான் கதவு மூடியிருப்பது தெரியும். மலையடிவார நிலமென்றால், அந்தக் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டது நினைவிருக்கட்டும்.

இவ்வளவையும் எப்போது பார்ப்பது? டோக்கன் கொடுப்பதற்கு முன்பு. நான் வலியுறுத்த வருவது முக்கியமாக இதைத்தான். நம் வழக்கமோ தலைகீழ்: நல்ல நாள் பார்த்து அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு, பிறகு வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டுகிறோம். அதற்குள் பணம் போய்விட்டது, வக்கீல் சொல்லும் குறையும் காதில் ஏறாது. "இன்னைக்கு டோக்கன் போடலைன்னா நாளைக்கு மனை இருக்காது, மதுரைக்காரர் ரெடியா இருக்கார்" என்ற அவசரம்தான் புரோக்கரின் பெரிய ஆயுதம். உண்மையிலேயே வேறொருவர் வாங்கிவிட்டால்? வாங்கட்டும். மனை போனால் இன்னொரு மனை கிடைக்கும்; வழக்கில் சிக்கிய நிலத்தை விற்கவும் முடியாது, கட்டவும் முடியாது. ஆவணங்களைப் பார்க்க ஒரு வாரம் தர மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பது நஷ்டமாகாது. முன்பணத்தை வங்கி வழியாக உரிமையாளர் பெயருக்கே கொடுங்கள். கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். பவர் ஏஜென்ட் என்று வருபவரானால், பவர் ரத்தாகவில்லையா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரியுங்கள். பவரும் ஒப்பந்தமும் மட்டும் இருந்தால் சொத்து கைமாறாது என்று சூரஜ் லாம்ப் வழக்கில் 2011இலேயே தீர்ப்பு வந்தாயிற்று.

புரோக்கர் இல்லாமல் நிலம் வாங்க முடியுமா, அதுவும் ஒரு பிழைப்புத்தானே என்று சிலர் கேட்பார்கள். நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு; அவர்களையும் சேர்த்துக் கெடுப்பது வரையறை இல்லாத இந்த நிலைதான். 2016ஆம் ஆண்டின் ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முகவர்கள் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது. பொய்யான வாக்குறுதி தருவதையும் பதிவில்லாத திட்டத்தை விற்பதையும் தடை செய்கிறது. ஆனால் இது, பதிவான திட்டங்களில் மனைப்பிரிவு போட்டவர் விற்கும் மனைக்கும் வீட்டுக்கும் மட்டும்தான். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்துக்குத் திட்டப்பதிவே வேண்டியதில்லை. ஒருவர் தன் பழைய வீட்டையோ மனையையோ மறுவிற்பனை செய்யும்போது நடுவில் நிற்பவரையும் இந்தச் சட்டம் தொடுவதில்லை. நம் ஊர்களில் நடப்பதில் பெரும்பகுதி இந்த வகைதான். மறுவிற்பனைத் தரகருக்கும் உரிமம், எழுத்தில் கமிஷன், யார் பக்கம் வேலை செய்கிறார் என்ற அறிவிப்பு ஆகியவற்றை மாநில அரசு கட்டாயமாக்க வேண்டும். அது வரும்வரை, கமிஷன் எவ்வளவு, யாரிடமிருந்து என்பதை ஒரு தாளில் எழுதி வாங்குவது நம் கையில்தான் இருக்கிறது.

மாதத்தவணை மனை, குலுக்கலில் தங்கக்காசு, "நிலம் வேண்டாமென்றால் வட்டியோடு பணம்" என்பவையெல்லாம் மனை வியாபாரத்தின் வேடத்தில் வரும் பணவசூல். பிஏசிஎல் நிறுவனம் விவசாய நிலத்தைக் காட்டி நாடெங்கும் வசூலித்தது ஏறத்தாழ 49,000 கோடி ரூபாய். அதைத் திருப்பித் தர 2016இல் உச்ச நீதிமன்றம் நீதிபதி லோதா தலைமையில் குழு அமைக்க வேண்டிவந்தது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட நியோமேக்ஸ் மீது 2023இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. அங்கே குற்றம் நடந்ததா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும். இப்படிப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் உள்ளூர்க் காவல் நிலையத்தோடு நின்றுவிடாமல் பொருளாதாரக் குற்றப்பிரிவிலும் புகார் தர வேண்டும். முதலீட்டாளர் நலனுக்கான 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் சொத்தை முடக்க வழியிருக்கிறது.

ஏற்கெனவே சிக்கியவர்களும் நம்பிக்கையைக் கைவிட வேண்டியதில்லை. ரெரா பதிவுள்ள திட்டமென்றால், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கியதே தவறு. சொன்ன நாளில் ஒப்படைக்காவிட்டால் வட்டியோடு பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். சாலை, குடிநீர் செய்து தருவதாகச் சொல்லி விற்ற மனைப்பிரிவுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையமும் ஒரு வழி. போலிப் பத்திரமென்றால் காவல்துறையின் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். முன்பணம் வாங்கிக்கொண்டு பத்திரம் எழுதித் தராமல் இழுத்தடித்தால், ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து, தேதி குறிக்காவிட்டால் அவர் மறுத்தது தெரிந்த நாளிலிருந்து, மூன்று வருடத்துக்குள் உரிமையியல் வழக்குப் போட்டாக வேண்டும். "இதோ முடிச்சுத் தர்றேன்" என்று புரோக்கர் நாளைக் கடத்துவதிலேயே பலருக்கு இந்தக் கெடு தாண்டிவிடுகிறது. வக்கீல் செலவுக்குப் பயந்து ஒதுங்குகிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கே சட்ட உதவி இலவசம்.