மெத்தையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதுகுவலி என்றதும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் முதல் யோசனை, "மெத்தையை எடுத்துவிட்டுத் தரையில் பாய் விரித்துப் படு" என்பதுதான். மெத்தைக் கடைக்குப் போனாலும் இதே கருத்து வேறு உருவில் வரும். "முதுகுவலின்னா ஆர்த்தோ மெத்தைதான் சார், நல்லா கெட்டியா இருக்கும்" என்பார் விற்பனையாளர். கெட்டியான படுக்கைதான் முதுகுக்கு நல்லது என்ற இந்த நம்பிக்கை பாதிதான் சரி. மெத்தைக்கு இன்று பல ஆயிரம் ரூபாய் செலவாகிறது. வாங்கியபின் பல ஆண்டுகள் அதில்தான் படுக்க வேண்டும். ஆகவே மீதிப் பாதியையும் தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

உடலும் படுக்கையும்

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். படுக்கையில் அந்தப் பாடம் அப்படியே பொருந்தும். வெறும் தரையில் மல்லாந்து படுத்தால் பின்தலை, தோள்பட்டை எலும்புகள், புட்டம், குதிகால் ஆகிய சில இடங்களே தரையைத் தொடும். உடலின் எடையில் பெரும்பகுதியை அந்தச் சிறிய பரப்புகளே தாங்குகின்றன. அங்கே இரத்த ஓட்டம் தடைப்படுவதால்தான் தூக்கத்திலேயே புரண்டு படுக்கிறோம். மெத்தை சற்றே உள்வாங்கிக் கொடுக்கும்போது உடலைத் தொடும் பரப்பு கூடுகிறது, அழுத்தம் குறைகிறது.

அளவுக்கு மீறி உள்வாங்கினால் வேறு தொல்லை. உடலில் கனமான பகுதி இடுப்பு. அது மட்டும் ஆழமாகப் புதைந்தால் முதுகெலும்பு தூளியில் கிடப்பதுபோல் வளைந்துவிடும், அதைச் சமன்செய்ய முதுகுத் தசைகள் இரவு முழுதும் இறுகியே இருக்கும். காலையில் எழும்போது வரும் விறைப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே தேவையான மென்மை ஆளுக்கு ஆள் மாறும். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் சற்று அமிழ வேண்டும், ஆகவே ஓரளவு மென்மை தேவை. குப்புறப் படுப்பவருக்கு வயிறு தாழ்ந்துவிடாத கெட்டியான மெத்தை வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு இரண்டுக்கும் நடுவே. எடையும் முக்கியம். 50 கிலோ எடையுள்ளவருக்குக் கல்லாகத் தோன்றும் மெத்தை 90 கிலோ எடையுள்ளவருக்கு இதமாக இருக்கலாம். கணவன், மனைவி எடையில் பெரிய வேறுபாடு இருந்தால் ஒரே அளவில் இரண்டு ஒற்றை மெத்தைகள் வாங்கி அருகருகே போடுவது நல்ல வழி. நம் வீடுகளில் யாரும் இதை யோசிப்பதில்லை.

எளிய சோதனை ஒன்று உண்டு. மல்லாந்து படுத்து, இடுப்புக்கு மேலே முதுகு வளையும் இடத்தின் அடியில் கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி. நுழையவே இடமில்லை என்றால் மிக மென்மை. சிறிது உராய்ந்துகொண்டு நுழைந்தால் சரி.

2003ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று வெளிவந்தது. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கெட்டியான மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தரமான மெத்தையும் தந்தார்கள். எது யாருக்கு என்பது அவர்களுக்குத் தெரியாது. 90 நாள் கழித்துப் பார்த்தபோது நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்திருந்தது. 'ஆர்த்தோ' என்பது ஒரு விற்பனைப் பெயர்தான், கெட்டித்தன்மையின் அளவு அன்று. கால் மரத்துப்போதல், வலி காலுக்கு இறங்குதல் போன்றவை இருந்தால் மெத்தைக் கடைக்குப் போகுமுன் மருத்துவரிடம் போக வேண்டும்.

இலவம் பஞ்சு

தமிழ்நாட்டில் மெத்தை என்றாலே நெடுங்காலம் இலவம் பஞ்சு மெத்தைதான். தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் இதற்குப் பெயர்பெற்ற ஊர். இலவ மரத்தின் காய் முற்றி வெடிக்கும்போது உள்ளே கிடைப்பது இந்தப் பஞ்சு. 'இலவு காத்த கிளி' ஏமாந்தது இதனால்தான். இதன் இழை உள்ளே வெற்றிடமாக, குழல்போல் இருக்கும். மேலே மெழுகுப் பூச்சும் உண்டு. அதனால் எடை மிகக் குறைவு, நீர் எளிதில் உள்ளே போகாது. ஒரு காலத்தில் உயிர்காக்கும் மிதவைச் சட்டைகளில் இதை அடைத்தார்கள். இழைக்குள்ளும் இழைகளுக்கு இடையிலும் காற்று இருப்பதால் நம் வெயிலுக்கு ஏற்றது.

குறைகளும் உண்டு. இழை ஒடியும் தன்மையுடையது. நாளடைவில் பஞ்சு கட்டிதட்டி நடுவில் பள்ளம் விழும். வெயிலில் காயவைத்து உதற வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து மறுபடி அடைத்துத் தைக்க வேண்டும். ஊருக்குள் வந்து இந்த வேலையைச் செய்து தருபவர்கள் இப்போது அருகிவிட்டார்கள். இந்த மெத்தை மறைந்துவருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

பருத்திக் கழிவைக் கலந்து விற்பதும் நடக்கிறது. ஒரு பிடி பஞ்சைத் தண்ணீரில் போட்டுச் சற்று அமுக்கிவிடுங்கள். இலவம் பஞ்சு மிதக்கும், பருத்தி நீரை உறிஞ்சி அமிழும். மாணவர்கள் வீட்டிலேயே செய்துபார்க்கலாம்.

தேங்காய் நார் முதல் ஃபோம் வரை

தேங்காய் நார் மெத்தை, நாரின்மேல் ரப்பர் பாலைத் தெளித்து, அழுத்திச் சூடேற்றிச் செய்யப்படுவது. காற்றோட்டம் உண்டு, விலை குறைவு. கெட்டியாக இருக்கும் என்பதால் மல்லாந்து, குப்புறப் படுப்பவர்களுக்குப் பொருந்தும். ஒரே இடத்தில் படுத்தால் அந்த இடம் அமுங்கிவிடும். ஈரம் ஆகாது.

பாலியுரித்தேன் ஃபோம்தான் இன்று அதிகம் விற்பனையாகிறது. கடையில் '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை அத்தனை கிலோ என்பதே அதன் பொருள். எண் கூடினால் மெத்தை கெட்டியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு. அடர்த்தி காட்டுவது அதில் எவ்வளவு பொருள் இருக்கிறது, எவ்வளவு காலம் அமுங்காமல் உழைக்கும் என்பதை. விற்பவர் சொல்லும் எண்ணைச் சரிபார்க்கவும் முடியும். 72 அங்குல நீளம், 60 அங்குல அகலம், 5 அங்குலக் கனமுள்ள மெத்தையின் கன அளவு சுமார் 0.35 கன மீட்டர். முழுவதும் 32 அடர்த்தி ஃபோம் என்றால் உறை நீங்கலாக ஏறத்தாழ 11 கிலோ இருக்க வேண்டும். 40 அடர்த்தி என்றால் 14 கிலோ. தராசில் 8 கிலோதான் காட்டினால் ஏன் என்று கேளுங்கள். பல அடுக்குகள் கொண்ட மெத்தையில் ஒவ்வோர் அடுக்கையும் தனியாகக் கணக்கிட வேண்டும்.

'80', '100' என்று பெரிய எண் சொன்னால், அது பெரும்பாலும் வெட்டுத் துண்டுகளைப் பசையிட்டு அழுத்திய ஃபோமாக இருக்கும். ஆர்த்தோ மெத்தைகளில் அடியில் வைப்பது இதைத்தான். உழைக்கும், ஆனால் மிகக் கெட்டி. மேலே மென்மையான அடுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

மெமரி ஃபோம் 1966இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக, விமான இருக்கைகளுக்கென்று உருவாக்கப்பட்டது. உடல் சூட்டில் இளகி உடலின் வடிவத்தை ஏற்கும். அந்தச் சூட்டைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் மின்விசிறியை மட்டும் நம்பி இருப்பவர்கள் இதை வாங்குமுன் நன்றாக யோசிக்க வேண்டும். லேடெக்ஸ் மெத்தை ரப்பர் பாலில் செய்வது. துள்ளும் தன்மையும் ஆயுளும் அதிகம், எடையும் விலையும் அதிகம். ஸ்பிரிங் மெத்தையில் ஒவ்வொரு சுருளும் தனித்தனிப் பையில் இருக்கும் வகை நல்லது. பக்கத்தில் படுத்தவர் புரண்டால் நமக்கு ஆட்டம் தெரியாது.

தனிக் கவனம் தேவைப்படுபவர்கள்

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மேலே சொன்ன 'நடுத்தரம்' பொருந்தாது. கெட்டியான, சமமான படுக்கையில் மல்லாந்து படுக்கவைக்க வேண்டும். தலையணையோ பக்கவாட்டில் மெத்து மெத்தென்ற அணைகளோ கூடாது. மென்மையான மெத்தையில் முகம் புதைந்தால் பச்சிளங்குழந்தையால் தலையைத் திருப்பிக்கொள்ள முடியாது. உயிருக்கே ஆபத்து.

முதியவர்களுக்கு உயரமும் முக்கியம். கட்டிலும் மெத்தையும் சேர்ந்து, ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் படியும் உயரம் வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு எந்தச் சாதாரண மெத்தையும் போதாது. அவர்களால் புரண்டு படுக்க முடியாததால் அழுத்தம் விழும் இடத்தில் புண் உண்டாகும். 'ஆல்ஃபா பெட்' என்ற காற்று மெத்தையில், சிறு மோட்டார் ஒன்று அறைகளில் மாறி மாறிக் காற்றை ஏற்றி இறக்கும். சில ஊர்களில் வாடகைக்கும் கிடைக்கிறது. அது இருந்தாலும் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைப்பதை நிறுத்தக் கூடாது.

வாங்கும்போதும் வாங்கிய பின்பும்

கட்டிலின் உள் அளவை நீங்களே அளந்து எழுதிக்கொண்டு போங்கள். நீளத்தில் 72, 75, 78 அங்குலம் என்று வேறுபாடு உண்டு. பழைய மெத்தை பள்ளமாக இருந்தால், ஒருவேளை கட்டில் பலகைதான் வளைந்திருக்கலாம். மெத்தையைச் சமமான தரையில் இரண்டு நாள் போட்டுப் படுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கடையில் கையால் அமுக்கிப் பார்ப்பதால் பயனில்லை. கூச்சப்படாமல், வழக்கமாகத் தூங்கும் நிலையில் பத்து நிமிடமாவது படுத்துப் பாருங்கள். வீட்டுத் தலையணையைக் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

மெத்தை அழுக்காகக் கூடாது என்று கடையில் போட்ட பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே ஆண்டுக்கணக்கில் படுப்பவர்கள் உண்டு. வியர்வை ஈரம் வெளியேறாமல் பூஞ்சை பிடிக்கும், சூடும் கூடும். அதை முதல் நாளே கழற்றிவிட்டுத் துணி உறை போடுங்கள். தூசிப் பூச்சிகளால் ஒவ்வாமை, ஆஸ்துமா உள்ளவர்கள் விரிப்புகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெத்தையின் தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள். இலவம் பஞ்சுக்கு வெயில் நல்லது. ஃபோம், லேடெக்ஸ் மெத்தைகளை மட்டும் மொட்டைமாடி வெயிலில் போடாதீர்கள், அவை மஞ்சளாகிப் பொடிந்துவிடும்.