நீச்சல் வகுப்பில் ஒருவர் சும்மா நிற்க வேண்டும்

அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியாக இறங்கினால் பிலிகுண்டுலு. கர்நாடகத்திலிருந்து காவிரி எவ்வளவு வந்தது என்று மத்திய நீர்வள ஆணையம் அளப்பது அங்கேதான். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விதித்த 177.25 டி.எம்.சி.க்கும் அதுதான் அளவிடம். நொடிக்கு இத்தனை கன அடி என்று நாள் தவறாமல் செய்தி வருகிறது. அதே பக்கத்தில் தொட்டல்லா ஆற்று மடுவிலும் தோட்டத்துக் கிணற்றிலும் பிள்ளைகள் நீச்சல் பழகுவதற்குத்தான் ஒரு கணக்கும் இல்லை. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிவிட்டு, "இறங்குடா, நான் இருக்கேன்ல" என்று மாமா சொல்வதோடு சரி.

அந்த முறையை நான் குறை சொல்ல மாட்டேன். மனித உடலின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்திக்கு வெகு அருகில் இருப்பது. மூச்சை நிறைய இழுத்து வைத்தால் பெரும்பாலோர் மிதந்துவிடுவோம். அதனால் தலையை மேலே நிறுத்த ஒரு குடுக்கைக் காற்றே போதும். அதைவிட முக்கியம், அங்கே ஒரு பிள்ளைக்கு ஒரு மாமா. அவர் கண் வேறெங்கும் போகாது. கோடை விடுமுறையில் பத்துப் பதினைந்து பேரை ஒன்றாக இறக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

மூழ்குகிற பிள்ளை கத்தாது. நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த பிராங்க் பியா, தண்ணீரில் தத்தளித்தவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்து இதைச் சொன்னார். வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் அந்தக் கணத்தில் மூச்சை விட்டு இழுக்கவே நேரம் பற்றாது, கூப்பிட எங்கே போவது? கைகள் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும், அசைத்துக் காட்ட முடியாது. உடல் செங்குத்தாக நிற்கும், கால் உதைக்காது. இப்படி 20 முதல் 60 நொடி, பிறகு உள்ளே. கரையிலிருந்து பார்த்தால் பிள்ளை நின்று விளையாடுவதாகவே தோன்றும். சினிமாவில் வருகிற அலறலும் கையாட்டலும் நம்மை வெகுகாலமாக ஏமாற்றி வைத்திருக்கின்றன.

இன்னொன்று, நம் கண்ணின் குறை. 1999-ல் சைமன்ஸ், சாப்ரிஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு வீடியோவைக் காட்டி, வெள்ளைச் சட்டைக்காரர்கள் பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேடமிட்ட ஒருவர் வந்து மார்பைத் தட்டிவிட்டுப் போனார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை. ஒரு பிள்ளையின் வயிற்றைத் தாங்கிக்கொண்டு "காலை நீட்டு, காலை நீட்டு" என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஆசிரியரின் நிலையும் அதுதான். அவர் அலட்சியக்காரர் இல்லை, எண்ணிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே வகுப்புக்கு இரண்டாவது ஆள் வேண்டும். அவர் கற்றுக்கொடுக்கக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, செல்போனைத் தொடக் கூடாது. பார்ப்பது மட்டுமே வேலை. தன் பகுதி முழுவதையும் 10 நொடிக்கொருமுறை கண்ணால் துழாவ வேண்டும், ஆபத்தென்றால் அடுத்த 20 நொடியில் பிள்ளையை எட்ட வேண்டும் என்பது உயிர்காப்பாளர் பயிற்சியில் சொல்லப்படும் கணக்கு. இங்கிலாந்தில் நீச்சல் தெரியாத பிள்ளைகள் 12 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது வழக்கம். அது தரை தெரியும் குளத்துக்கான வரம்பு. கலங்கிய தண்ணீரில் ஓரடிக்குக் கீழே போன பிள்ளை கண்ணுக்குத் தெரியாது என்பதால், அதில் பாதியே எனக்கு அதிகமாகப் படுகிறது. விசில் ஊதியதும் எல்லோரும் ஜோடியின் கையைப் பிடித்து நிற்பது, தலை எண்ணுவது, இரண்டும் சில நிமிடத்துக்கொருமுறை நடக்க வேண்டும்.

ஆறு வேண்டவே வேண்டாம். நீரோட்டத்தின் வேகம் இரட்டித்தால் உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். காவிரியில் முதலை இருப்பதைப் பிலிகுண்டுலுக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வங்கதேசத்தில் வழி கண்டிருக்கிறார்கள்: ஊர்க் குளத்திலேயே மூங்கிலால் மேடை கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, பிள்ளைகளுக்கு நிலைக்கும் ஆழத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். அங்கே பழகிய 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது 90 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2012-ல் வெளியான ஆய்வு சொன்னது. நீந்துவதோடு, கரையிலிருந்தே காப்பாற்றவும் அங்கே கற்றுத்தருகிறார்கள். 2023 பிப்ரவரியில் கால்பந்துப் போட்டிக்கு வந்த புதுக்கோட்டை மாவட்டப் பள்ளி மாணவிகள் நால்வர் கரூர் மாயனூர் காவிரியில் மாண்டது நினைவிருக்கும். கூட்டமாக இறங்கும் இடத்தில் ஒருவரைப் பிடிக்க இன்னொருவர் குதிப்பது இயல்பு. கயிறோ, வேட்டியோ, மூடி போட்ட காலி கேனோ வீசத்தான் பழக்க வேண்டும்.

"யார் ரொம்ப நேரம் முங்கியிருக்கிறது பார்ப்போம்" என்ற போட்டியை வகுப்பில் விடவே கூடாது. மூச்சுவிடத் தூண்டுவது பெரும்பாலும் ரத்தத்தில் சேரும் கரியமில வாயு. வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு முங்கினால் அந்த வாயு குறைந்து, தவிப்பு வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளையும் இப்படிப் போகலாம்.

தூக்கிய பிறகு தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் இன்னும் நடக்கிறது. அது நேரத்தைத் தின்னும், வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகும். மூழ்கியவருக்கு முதலில் இல்லாமல் போவது காற்று. மூச்சில்லையென்றால் மல்லாக்கக் கிடத்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டுதலில் முதலில் ஐந்து முறை. பிறகு நெஞ்சை அழுத்துவதும் ஊதுவதுமாகத் தொடர வேண்டும். ஆக்சிஜன் இல்லாமல் சில நிமிடங்களிலேயே மூளை கெடத் தொடங்கும். அஞ்செட்டியிலிருந்து ஓசூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர், நடுவில் மலைப்பாதை. ஒருவர் ஊதும்போது இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். பிள்ளை எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சில மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீரால் மூச்சுத்திணறல் தாமதமாகவும் வரலாம்.