தாயும் சேயும் நலமா?

பிள்ளை பிறந்த வீட்டிலிருந்து வரும் செய்தியில் முதலில் இருக்கும் சொற்கள் "தாயும் சேயும் நலம்" என்பவைதாம். இரண்டு மாதம் ஆனபின் பாருங்கள். ஊரிலிருந்து ஃபோன் செய்பவர்கள் சேயை மட்டுமே விசாரிப்பார்கள். "என்ன வெயிட்? பால் குடிக்கிறானா? ஏன் இளைத்தாற்போல் இருக்கிறான்?" என்று கேள்விகள் வரும். தாய் எப்படி இருக்கிறாள் என்று கேட்பவர் குறைவு. ஆனால் குழந்தையின் எடைக்கும் தாயின் மனநிலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

நான் மருத்துவன் அல்லன். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஓரிடத்தில் தண்டவாளம் இறங்கினால் நாங்கள் தண்டவாளத்தை மட்டும் பார்த்துவிட்டு வரமாட்டோம். அதைத் தாங்கும் ஜல்லியையும் மண்ணையும் பார்ப்போம். குழந்தையின் எடை விஷயமும் அப்படித்தான்.

கோவாவில் டாக்டர் விக்ரம் பட்டேல் குழுவினர் ஒரு மாவட்ட மருத்துவமனைக்கு வந்த தாய்மார்களைத் தொடர்ந்து கவனித்து, 2002-இல் முடிவுகளை வெளியிட்டனர். பிரசவமாகி 6 முதல் 8 வாரங்களில் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஆறாம் மாதத்திலும் அது நீங்கவில்லை. வறுமை, கணவனோடு ஒட்டாத வாழ்வு, பிறந்தது ஆணா பெண்ணா என்பது எல்லாம் இதில் பங்கு வகித்தன. மனச்சோர்வுற்ற தாய்மார்களின் குழந்தைகள் ஆறாம் மாதத்தில் எடையிலும் நீளத்திலும் பின்தங்கியிருந்ததை 2003-இல் வந்த அடுத்த கட்டுரை காட்டியது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் செய்த ஆய்வும் (2004) இதே தொடர்பைக் கண்டது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. மனம் சோர்ந்தவளுக்குப் பசி இல்லை, தூக்கம் இல்லை. குழந்தை அழுதால் எழுந்து எடுக்கவே உடம்பு வராது. பால் கொடுப்பது தடைப்படுகிறது. தடுப்பூசித் தேதி தவறுகிறது. இது அவள் குற்றமன்று, சோம்பலும் அன்று. காய்ச்சலைப் போல் இதுவும் ஒரு நோய், சிகிச்சையால் குணமாகும்.

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. ஊரிலிருந்து வந்த அம்மா பத்தியச் சமையல், பிரசவ லேகியம் என்று எல்லாம் செய்துவிட்டு ஒரு நாள் ரயிலேறிவிடுவார். கணவர் ஆபீஸ் போய்விடுவார். அக்கம்பக்கத்தில் பேச பாஷை தெரியாது. நேற்றுவரை நான்கு கை தாங்கிய பெண் இன்று தனியே நிற்கிறாள்.

பிரசவமான முதல் சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது பல பெண்களுக்கும் உள்ளது, தானாகவே சரியாகிவிடும். இரண்டு வாரத்துக்கு மேலும் துயரம் நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வராவிட்டால், குழந்தையிடம் பற்று இல்லாமல் போனால் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாக வேண்டும் என்றோ, குழந்தைக்குத் தீங்கு செய்துவிடுவேனோ என்றோ அவள் சொன்னால் அன்றைக்கே செல்ல வேண்டும். அதுவரை அவளைத் தனியே விடக்கூடாது. இதை அறிவதற்கு 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ வினாத்தாள் 1987 முதல் உள்ளது, தமிழிலும் உண்டு. தாய்ப்பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடிய மருந்துகளும் உள்ளன. டாக்டர் தேர்ந்து கொடுப்பார். மத்திய அரசின் டெலி-மானஸ் இலவசத் தொலைபேசி எண் 14416. இது 2022-இல் தொடங்கியது; தமிழிலும் பேசலாம்.

எடையையும் விட்டுவிடக் கூடாது. பிறந்த சில நாட்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு. இரண்டு வாரத்தில் பெரும்பாலும் மீண்டுவிடும். ஐந்தாறு மாதத்தில் பிறந்த எடை இரு மடங்காகவும், ஒரு வயதில் மும்மடங்காகவும் ஆவது வழக்கம். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாமல், அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டைப் பாருங்கள். பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதியில் சுகாதாரப் பணிப்பெண்கள் வீடுவீடாகச் சென்று தாய்மார்களோடு பேசினார்கள். ஆறாம் மாதத்தில் மனச்சோர்வு இருந்தவர்கள் 23 சதவீதமே. அந்தப் பேச்சுதவி கிடைக்காதவர்களில் 53 சதவீதம். 2008-இல் வந்த இந்த ஆய்வில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது. ஆனால் எடையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே இரண்டையும் தனித்தனியே கவனிக்க வேண்டும்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. இரவில் துணி மாற்றுவதும், பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுவதும் உங்களால் முடியும். மாமியார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: "பால் போதவில்லை" என்று அவள் காதுபடச் சொல்லாதீர்கள்.

நம் சங்க மகளிர் அணிக்கும் ஒரு யோசனை. புதிதாய்ப் பிள்ளை பெற்ற வீட்டுக்கு, ஊரிலிருந்து வந்த அம்மா கிளம்பிய மறுவாரம் இருவர் போய்வாருங்கள். புத்திமதி வேண்டாம், ஒரு டப்பா ரசஞ்சாதம் போதும். இரண்டு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டு அவளைத் தூங்கச் சொல்லுங்கள். விழித்ததும் முதலில் அவளைப் பற்றிக் கேளுங்கள். குழந்தையின் எடையைப் பிறகு கேட்கலாம்.