விரைநீரில் ஓடம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில் பாயும் கொலராடோ ஆறு, பல இடங்களில் வானளாவிய பாறைச் சுவர்களுக்கிடையே ஓடுகிறது. 1869ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள், அதன் துணையாறாகிய கிரீன் ஆற்றில் பதின்மர் நான்கு படகுகளில் புறப்பட்டனர். அவர்தம் தலைவர் ஜான் வெஸ்லி பவல், போரில் வலக்கையை இழந்தவர். அவர்கள் செல்லவிருந்த நீர்வழியின் பெரும்பகுதி அந்நாளைய நிலப்படங்களில் இடம்பெறவில்லை.

படகோட்டிகள் ஆறு செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்ந்து துடுப்பு வலித்தனர். எனவே, முதற்படகில் சென்ற பவல், இடர்மிகுந்த இடம் நெருங்கியதும் குறிப்புக் காட்டிப் பின்வருவோரைக் கரையொதுங்கச் செய்வார். ஜூன் மாதத்தில் ஒருநாள் அக்குறிப்பை ஒரு படகினர் உரிய நேரத்தில் உணரவில்லை. விரைநீர் அப்படகை இழுத்துச் சென்று பாறையில் மோதி உடைத்தது. மூவர் அரிதின் உயிர் தப்பினர். அதிலிருந்த உணவு ஆற்றோடு போயிற்று. கொடிய இடங்களில் படகுகளைக் கயிற்றாற் பிணித்துக் கரையிலிருந்தே மெல்ல இறக்குவதும், அதுவும் இயலாவிடத்துச் சுமந்து செல்வதும் அவர்கள் வழக்கமாயிற்று.

விரைநீரின் இயல்பைக் கரையில் நின்று நோக்குவோர் பெரும்பாலும் அறியலாம். பாறைகளுக்கிடையே வழவழப்பாக ஒழுகும் நீர், ஆறு செல்லும் திசையில் நாக்கைப்போலக் கூர்த்து நீளுமாயின் அங்கே ஆழம் உண்டு, படகு செல்லலாம். கூர்முனை எதிர்த்திசையை நோக்கின், அம்முனையில் பாறை மறைந்துள்ளது என்க. பெரும்பாறையின் பின்புறத்தே நீர் திரும்பி மேல்நோக்கி ஓடும்; அங்கே படகை நிறுத்தி அடுத்த பகுதியை ஆராயலாம். ஆற்றின் குறுக்கே விழுந்த நீர் மடங்கிப் பின்னோக்கிச் சுருளும் இடம் கொடியது. வீழ்ந்த மரமோ அதனினும் கொடியது. கிளைகளினூடே நீர் செல்லும், மனிதன் செல்லமுடியாது.

1890களில் நதானியல் காலோவே என்னும் வேட்டைக்காரர், ஆறு செல்லும் திசையை நோக்கி அமர்ந்து படகு செலுத்தினார். இவ்வெளிய மாற்றத்தின் பயனைப் பிறரும் உணர்ந்தனர். வடமுனைப் பகுதியில் வாழும் இனூயிட் மக்களோ, கயாக் என்னும் தோலோடத்தில் பன்னெடுங்காலமாக முன்னோக்கியே அமர்ந்து, இருமுனைத் துடுப்பால் செலுத்தி வந்தனர். ஓடம் கவிழ்ந்தால் உள்ளிருந்தபடியே நிமிர்த்தவும் வல்லவர். இன்று கொலராடோவில் செல்லும் கயாக்குகள் அவ்வோடத்தின் வழிவந்தவையே.

அவற்றைச் செலுத்துவோர் மிதவை அங்கியும் தலைக்கவசமும் அணிவர். விரைநீரில் விழுந்தவர் எழுந்து நிற்க முயலலாகாது. கால் பாறையிடுக்கில் சிக்கினால், ஆழமற்ற நீரும் அவரைக் குப்புறத் தள்ளி அமிழ்த்திவிடும். மல்லாந்து, கால்களை முன்னே உயர்த்தி மிதந்து, வேகம் தணியுமிடத்தில் கரைநோக்கி நீந்தவேண்டும்.

பழகிய கண்ணும் ஆற்றைத் தவறாக மதிப்பதுண்டு. பவல் குழுவினர் ஆகஸ்டு மாத இறுதியில் அஞ்சத்தக்க ஒரு விரைநீரை அடைந்தனர். பாறைச் சுவர் நீரிலிருந்தே எழுந்தமையால் படகைச் சுமந்து செல்ல வழியில்லை; உணவும் சில நாள்களுக்கே இருந்தது. ஒருவர் முன்னரே குழுவை விட்டு நீங்கியிருந்தார். 28ஆம் நாள் மேலும் மூவர் விடைபெற்று மலையேறி நடந்தனர். எஞ்சிய அறுவர் இரண்டு படகுகளில் அவ்விரைநீரில் இறங்கிச் சிறுபொழுதில் கடந்தனர். அதனினும் கடுமையான இடங்களை முன்பே கடந்திருந்ததாகப் பின்னர்ப் பவல் எழுதினார். இரண்டு நாள்களில் அவர்கள் வர்ஜின் ஆறு கலக்கும் இடத்தை அடைந்து மக்களைக் கண்டனர். நடந்து சென்ற மூவரும் வழியில் கொல்லப்பட்டனர். கொன்றவர் யாவர் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.